டீ அடுப்பில் காய்ந்த புரோகிராம்

நனைந்த டிஸ்க்குகளைக் காயவைக்கலாம் என்ற யோசனை, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸ் வாசலில் வைத்து எனக்குத் தோன்றியது. நல்ல யோசனைகள் எனக்கு எப்போதுமே வேகமாகத்தான் வரும். (கெட்டவை அதைவிட வேகம்.)

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலையகத்தில், பதுளை பஜாரில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் கம்பனி இருந்தது. புரோகிராம் எழுதி விற்பது தொழில். ஊரில் யாருக்கும் அது விளங்கவில்லை. ரேடியோ திருத்தக் கொண்டுவந்தார்கள். முதலாளி நஸீர் நானா அதையும் திருத்திக் கொடுத்தார். அவர், புரோகிராம் எழுதும் ஃபரீதா, எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு ஓடும் நான். கம்பனி அவ்வளவுதான். முதலாளியே தேநீர் ஊற்றித் தரும் இன்னொரு இடத்தில் அதற்குப் பிறகு நான் வேலை செய்ததில்லை.

எந்த மலையில் எந்த நாள் கொழுந்தெடுக்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை ஃபரீதா எழுதியிருந்தாள். அதைத் தோட்டத்து மேனேஜரான துரையிடம் காட்டத்தான் போனோம். அவர் வேண்டாமென்றால் கம்பனிக்குப் பூட்டு. ஃபரீதாவின் வாப்பா இன்னும் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இந்தத் தோட்டம் கிடைக்காட்டி வேலைய விட்டுட்டு வெலிமடை மாப்பிள்ளையக் கட்டணும்."

வழியில் மழை. ஜீப்பின் கூரைச்சீலை ஒழுகியது. நஸீர் நானா தன் கோட்டைக் கழற்றிக் கணினிக்குப் போர்த்தினார். என் மடியிலிருந்த டிஸ்க்குப் பெட்டியை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

"தேவா, ஒண்ணும் செய்யாதீங்க. லேஞ்சித் துணியால தொடச்சிட்டு அப்படியே வைங்க" என்று ஃபரீதா சொல்லிவிட்டு, கணினியைப் பொருத்த ஆபீஸுக்குள் போனாள்.

'ஒன்றும் செய்யாதே' என்பது எனக்கு அன்றும் இன்றும் விளங்காத வாக்கியம். நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவன். மழை மாதங்களில் எங்கள் பள்ளிச் சட்டை, காலுறை, பாடப்புத்தகம், ஒருமுறை எங்கள் பூனை, எல்லாமே ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில்தான் காய்ந்தன. ஸ்டோர் சூட்டில் காயாத பொருள் உலகத்தில் இல்லை என்பது லயத்து விஞ்ஞானம். பக்கத்திலிருந்த ஸ்டோருக்கு ஓடி, தேயிலை காயும் அடுப்பின் இரும்பு மேல் டிஸ்க்குகளைப் பரப்பினேன். கவனமான ஆள் என்பதால், ஃபரீதா எடுத்துவைத்திருந்த மாற்றுப் பிரதி டிஸ்க்கையும் சேர்த்தே பரப்பினேன்.

காயும்வரை சும்மா நிற்பானேன் என்று, கணினியால் நம் எதிர்காலம் எப்படி மாறப்போகிறது என அடுப்படியில் நின்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்தேன். சூடு பிடித்த இடத்தில் ஒருவர் குறுக்கிட்டார்.

"தம்பி, ஒங்க எதிர்காலம் உருகுது."

திரும்பிப் பார்த்தேன். எல்லாம் அப்பளம்போல் சுருண்டு கிடந்தன. தேயிலையில் நாற்றம் ஏறிவிடுமே என்று ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கர் பதறி ஓடிவந்தார். "யாருடா ஸ்டோருக்குள்ள டயர் எரிக்கிறது?"

அப்பளங்களை ஏந்திக்கொண்டு ஆபீஸுக்கு வந்தேன். ஃபரீதா கத்தவில்லை. (கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.) நேரே நஸீர் நானாவிடம் திரும்பினாள்.

"நானா, தொரைய எவ்வளவு நேரம் பேச்சுல வச்சிருக்க ஏலும்?"

"அவரு பேசணுமா, நான் பேசணுமா?"

"நீங்க."

"அப்ப மஃரிபு தொழுகை வரைக்கும் ஏலும்."

டிஸ்க் இல்லாவிட்டாலும் புரோகிராமை வரிவரியாகத் தட்டினால் அந்தக் கணினி ஓடும். மின்சாரம் போனால் மட்டும் அத்தனையும் மறந்துவிடும். ஃபரீதா நினைவிலிருந்தே தட்டத் தொடங்கினாள். கை நிற்கவே இல்லை. அப்படி ஒரு மூளையை நான் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றுதான். எனக்குக் கிடைத்த உத்தியோகம், யாரும் பிளக்கில் கால் இடறாமல் காவல் நிற்பது.

நானாவின் பேச்சிலிருந்து தப்பித்து வந்த துரை திரையைப் பார்த்தார். "என்ன, இன்னும் எழுதி முடியலியா?"

"ஒங்களுக்கு முன்னாலயே எழுதுறோம் சேர். வேணுங்கிற மாதிரி மாத்தலாம்" என்றாள் ஃபரீதா.

"போயாவுக்கு வேல இல்லியே. அது தெரியுமா இதுக்கு?"

தெரியாது. ஃபரீதா கொஞ்சம் யோசித்து, மேலும் சில வரிகள் தட்டினாள். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் விழுந்திருந்த மலை மறுநாளுக்கு நகர்ந்தது. துரை குனிந்து இன்னொருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

தோட்டம் கிடைத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்தத் தம்பி இனி ஸ்டோர் பக்கம் வரக்கூடாது. (என் வீட்டில் இன்றும், மழை நாளில் நான் ஈரத்துணியைத் தொட்டால், "அம்மா, அப்பா கொம்பியூட்டரக் காயப்போடப் போறாரு!" என்று மகள் கத்துவாள்.)

பொழுதுபடும் நேரம் பதுளைக்கு வந்தோம். கடை வாசலில் ஃபரீதாவின் வாப்பா குடையோடு நின்றார். நடந்ததையெல்லாம் நஸீர் நானா என் பங்கை விடாமல் சொல்லி முடித்தார்.

"அப்ப வெலிமடைக்கு என்ன சொல்ல, மகள்?"

"வார கிழமைக்குள்ள மத்த மலையெல்லாம் எழுதணும் வாப்பா. அதுக்குப் பொறகு பக்கத்துத் தோட்டம். மாப்பிள்ளைக்கு டைப் அடிக்கத் தெரியுமாண்டு கேட்டுப் பாருங்க."

வாப்பா குடையை விரித்து மகளுக்குப் பிடித்தார். பிறகு நானாவிடம் திரும்பினார்.

"திங்கக்கிழமை தோட்டத்துக்குப் போற ஜீப்புல இவளுக்கு முன்சீட்டுக் குடுங்க. டிஸ்க்கும் இவ மடியிலயே இருக்கட்டும்."