நெவில் போட்ட காபி

இனிமேல் இந்த வீட்டில் யாரும் கடைக் காபி குடிக்கக் கூடாது என்று நெவில் பிரகடனம் செய்தான். கேட்பதற்கு இருந்த குடிமக்கள் இரண்டே பேர். ஒன்று மனைவி ஜனீன். இன்னொன்று நாய்.

தினமும் காலையில் குளிரில் நடந்து போய், மூலையிலிருக்கும் லெஃப்டியின் கஃபேயில் காபி குடித்துவிட்டு வருவது ஜனீனின் வழக்கம். அதற்குத்தான் நெவில் முடிவு கட்டினான். அவன் வாங்கி வந்த எஸ்பிரெஸோ காபி மெஷின் சமையல் மேடையில் பாதியை விழுங்கியது. ஜனீனின் டோஸ்டரைத் துணி துவைக்கும் அறைக்கு நாடு கடத்தினான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னுவே."

"அப்ப தெரிஞ்சேதான் கேக்கலை! சரி, ஒரு மாசம் டைம். லெஃப்டி காபி மாதிரி வரலேன்னா மெஷின் என் தம்பி கிரெய்க் வீட்டுக்குப் போயிடும்."

நெவிலுக்கு வயிறு எரிந்தது. இரவல் வாங்கிப் போன புல்வெட்டும் மெஷினையே திருப்பித் தராத மகானுபாவன் கிரெய்க். அதோடு, மெல்பர்னில் பிறந்து வளர்ந்தவன் காபியில் தோற்றான் என்றால் குடியிருக்கும் கோபர்க் பேட்டைத் தெருக்களில் தலை காட்ட முடியுமா?

முதல் நாள் காபிக் கொட்டையை மாவாக அரைத்துவிட்டான். மெஷின் முக்கி முனகி மூன்று சொட்டு கொடுத்தது. மறுநாள் ரவையாக அரைத்தான். கறுப்பு வெந்நீர் மடமடவென்று கொட்டியது. மூன்றாம் நாள் பாலை நுரைக்க நீராவிக் குழாயைத் திறந்தான். பால் கூரைக்குப் போனது, நாய் கட்டிலுக்கு அடியில் போனது.

மிஞ்சியதில் ஜனீன் படுக்கையில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு."

"வேற?"

"ஈரமா இருக்கு."

எட்டாம் நாள் நெவிலுக்குப் புத்தி வேலை செய்தது. விடிந்ததும் பைஜாமாவுக்கு மேல் மழைக்கோட்டை மாட்டினான். வீட்டுக் கோப்பையை அதற்குள் ஒளித்துக்கொண்டு பின்சந்து வழியாக ஓடினான்.

"லெஃப்டி, ஜனீன் குடிக்கிற அதே ஃபிளாட் ஒயிட் காபி ஒண்ணு. இந்தக் கோப்பையில ஊத்து. ஜனீன்கிட்ட மூச்சு விடாதே."

"உன் வீட்டுல என் மெஷினை விடப் பெருசு இருக்காமே?"

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. சீக்கிரம் ஓடுப்பா, ஆறிடப் போகுது."

வீட்டுக்கு வந்து வெறும் மெஷினை உறும விட்டான். நீராவியைக் காற்றில் சீற விட்டான். பாத்திரத்தை மேடையில் நாலு தட்டுத் தட்டினான். அப்புறம் கோப்பையை ஏந்திக்கொண்டு படுக்கையறைக்குள் நுழைந்தான்.

ஜனீன் குடித்தாள். கண்ணை மூடினாள்.

"அட! தேறிட்டியே!"

அதன்பின் மூன்று வாரம் ஒரு நாள் தவறவில்லை. மெல்பர்னின் ஜூலை மாதக் குளிர் எலும்பைக் குடைந்தது, ஒரு நாள் ஆலங்கட்டி மழைகூட அடித்தது. நெவில் தும்மிக்கொண்டே ஓடினான்.

மாதக் கடைசியில் ஜனீன் தீர்ப்புச் சொன்னாள்.

"நீ ஜெயிச்சுட்டே நெவில். மெஷின் இங்கேயே இருக்கட்டும். ஒரே கண்டிஷன். தினம் காலையில எனக்குக் காபி நீதான் கொண்டு வரணும். ஆயுசுக்கும்."

"ஆயுசுக்கும்! எங்கம்மா மேல சத்தியம்!"

கிரெய்க்கின் முகம் தொங்கிப்போவதை நினைத்து அங்கேயே ஒரு ஆட்டம் போட்டான். இவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்து வெகு நாளாயிற்று.

ஜனீன் கடைசிச் சொட்டையும் உறிஞ்சிவிட்டுக் காலிக் கோப்பையை அவனிடம் நீட்டினாள்.

"நாளையிலேர்ந்து அந்த மெஷின்லயே எனக்குச் சூடா ஒரு பாதாம் குரோசான்ட் பன்னும் போட்டுடு. லெஃப்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."