கசாயமும் நாற்பது எலிகளும்

கிட்டே வாருங்கள் கண்மணிகளே, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். எலிகளோடு மல்லுக்கட்டிய ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

"மறுபடியும் ஒண்ணாவே இருக்கே!" என்று சர்க்கரை அளக்கும் கருவியை மேசைமேல் போட்டாள் கசாயம்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். மூன்று வருஷமாக ஒரு மரப்பட்டையை வேகவைத்து அதன் கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். வயிறு காலியாக இருக்கும்போதும் ஈரல் தன்பாட்டுக்குச் சர்க்கரை செய்து ரத்தத்தில் விடும். சர்க்கரை நோய் வந்துவிட்டாலோ கணக்கில்லாமல் கொட்டும். அப்படிக் கொட்டும் ஈரலின் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும் தன் மருந்து என்று நம்பினாள்.

நோய் கண்ட நாற்பது எலிகள். இடது வரிசைக்கு மருந்துச் சொட்டு, வலது வரிசைக்கு வெறும் தண்ணீர்ச் சொட்டு. இடதில் மட்டும் சர்க்கரை இறங்கினால் அவள் ஜெயித்தாள். இறங்கியதென்னவோ இரண்டிலும், ஒரே அளவில்!

"மருந்து இல்லாமலே இறங்குதுன்னா உன் மருந்து எதுக்கும்மா?" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. அப்புறம் கடையைக் கட்டு."

கசாயத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கருவியை மாற்றினாள். எண்கள் மாறவில்லை. தண்ணீரில்தான் ஏதோ கலந்திருக்கிறது என்று அந்தப் பாட்டிலை எடுத்து மடக்மடக்கென்று தானே குடித்தாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

மருந்தை இரண்டு மடங்காக்கினாள். இடது வரிசையில் சர்க்கரை சர்ரென்று இறங்கியது. துள்ளிக் குதித்தபடி வலது வரிசையை அளந்தாள், அங்கேயும் சர்ரென்று.

"எலிங்க கூடிப் பேசி வச்சிருக்கோ?" என்று சிரித்தான் பக்கத்து மேசைக்காரன்.

அதையும்தான் விடுவானேன் என்று வலது வரிசையை அடுத்த அறைக்குத் தூக்கினாள். அப்போதும் எண்கள் ஒன்றாகவே நின்றன.

கடைசியில், தினமும் சொட்டு ஊற்றும் கூண்டு அக்காவைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பாட்டிலை மாத்தி ஊத்திடலையே?"

"சிவப்பு மூடி மருந்து, வெள்ளை மூடி தண்ணி. எனக்குத் தெரியாதா?"

"ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாதுக்கா. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

"நீ தைரியமா இரு பாப்பா."

மறுநாள் இரண்டு அறையிலும் எலிகள் நோயே தெரியாததுபோல் ஓடி விளையாடின. எண்கள் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தன.

வெள்ளிக்கிழமை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, 'இம்மருந்தால் பயனில்லை' என்று எழுதி நீட்டினாள் கசாயம். தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

கூண்டு துடைத்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏன் பாப்பா அழுவறே?"

"மருந்து குடிக்காத எலிக்கும் குணமாகுதுக்கா. அப்போ மருந்துல ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்?"

"குடிக்காத எலியா? அது எது?" என்றாள் அக்கா. "எல்லாம் சர்க்கரை வந்த புள்ளைங்கதானே! ஒரு பக்கம் மருந்து, ஒரு பக்கம் பச்சத்தண்ணின்னு ஓரவஞ்சனை பண்ண மனசு வருமா? மொத நாள்லேர்ந்து நான் மருந்தை நாப்பதுக்கும் பங்கு போட்டுத்தானே ஊத்தறேன்!"

உங்கள் வீட்டை நோய் அண்டாதிருக்கட்டும், கண்மணிகளே. அண்டினாலும், மருந்து ஊற்ற இப்படி ஒரு கை பக்கத்தில் இருக்கட்டும்.