உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள படகு

உலகத்தில் இரட்டை எஞ்சின் சொகுசுப் படகு வாங்கப் போய், எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கதவை மட்டும் சோதித்து வாங்கி வந்த ஒரே மனிதர் எங்கள் இடுப்பளவுதான். பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி நான்.

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் குப்பத்துக்கு நான் கிராம சுகாதார நர்ஸ். புதன்கிழமைதோறும் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய ஃபைபர் படகில்தான் போவேன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். எந்தக் கேள்விக்கும் தண்ணீரின் ஆழத்தில் பதில் சொல்வதால் வந்த பட்டப்பெயர் இது. முதல் நாள், "இன்னும் எவ்வளவு தூரம்ணா?" என்று கேட்டேன்.

"இப்போ இடுப்பளவு. தோ, அந்தக் குச்சி தாண்டினா மாரளவு. அப்பால முழங்கால். அவ்ளோதான், ஊரு."

அத்தனையும் அவருடைய உடம்புக் கணக்கு. மனிதர் ஆறடி. அவருடைய இடுப்பளவை நம்பி இறங்கிய ஒரு கணக்கெடுப்பு ஊழியர், கழுத்துவரை முங்கி, படிவங்களை மட்டும் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் பெரிய படகு வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் அவருடைய தங்கை. ஒரு ஐப்பசி மழையில் அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகும்போது, நடு ஏரியில், திறந்த படகிலேயே குழந்தை பிறந்துவிட்டது. நானும் இடுப்பளவின் மனைவியும் தார்ப்பாயை மறைப்பாகப் பிடித்தோம். காற்று அதையும் பிடுங்கிக்கொண்டு போனது. படகில் இருந்த ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கரை சேர்ந்தபோது அங்கே கூடியிருந்தவர்கள் திருப்பிக்கொள்ளவில்லை. தாயும் பிள்ளையும் சுகம்தான், ஆனால் இடுப்பளவு இரண்டு நாள் படகையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "நர்சம்மா, கதவு வச்ச போட்டு எங்க கெடைக்கும்?" என்றார்.

தேடிக் கண்டுபிடிக்க ஆடி மாதம் ஆகிவிட்டது. சென்னைப் பக்கம் ஒரு படகுத்துறையில் நின்றது அந்த வெள்ளைப் படகு. யாரோ பணக்காரர் கடலில் விருந்து வைக்க வாங்கி, அலுத்துப்போய் விற்க வைத்திருந்தார். பின்னால் இரண்டு எஞ்சின், முன்னால் கட்டில் போட்ட குட்டி அறை. கையில் இருந்த ஃபைபர் படகை விற்று, மிச்சத்துக்குக் கடனும் வாங்கிக்கொண்டுதான் இடுப்பளவு அங்கே வந்திருந்தார். இது ஏமாற்றினால் அவருக்கு வேறு பிழைப்பில்லை. காகிதங்களைப் படிக்க என்னையும், எதற்கென்று சொல்லாமல் மனைவியையும் அழைத்து வந்திருந்தார்.

தரகர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "ரெண்டு எஞ்சின் சார், பறக்கும். உள்ள ஃப்ரிட்ஜ் இருக்கு. பாட்டு கேக்கலாம். கலர் கலரா லைட் எரியும்."

இடுப்பளவு லுங்கியை மடித்துக் கட்டித் தண்ணீரில் குதித்தார். படகின் அடியில் கையை விட்டுத் துழாவினார். "தொடையளவு போதும் இதுக்கு. நம்ம ஏரி தாங்கும்" என்று ஏறி வந்து, "கதவ உள்ளேர்ந்து தாப்பா போட்டா நிக்குமா?" என்று கேட்டார்.

"நிக்கும் சார். ஆனா எஞ்சின்..."

"எஞ்சின் கெடக்கட்டும்பா." மனைவி பக்கம் திரும்பினார். "நீ உள்ள போய் படுத்துக்கினு தாப்பா போடு. போட்டுட்டு கத்து."

"இன்னான்னு கத்தறது?"

"நம்ம பெரியவன் பொறந்தப்ப எப்டி கத்தின? அப்டி."

அண்ணி கூச்சப்படுவார் என்று நினைத்தேன். பதினைந்து வருஷமாகக் கணவரிடம் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, அவர் பரம்பரையையும் இழுத்து, ஒரு கத்து கத்தினார். காவலாளி தடியோடு ஓடிவந்தார். பக்கத்துப் படகில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் டப்பாவோடு தண்ணீரில் விழுந்தார். தரகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இடுப்பளவு மட்டும் கதவில் காதை வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"கேக்குதுப்பா. வெளிய நிக்கறவனுக்கு கேக்கக் கூடாது. சுத்தி ரப்பர் வச்சிக் குடு, எடுத்துக்கறேன்."

ரப்பர் வைத்து, அண்ணி மறுபடி கத்தி, அது கேட்காமல் போன பிறகுதான் படகு கைமாறியது. கடல் வழியாகவே ஓட்டி வந்தார். காட்டுப்பள்ளியில் நின்ற பெரிய கப்பல்களைத் தாண்டும்போது நீளமாக ஹாரன் அடித்தார். எதற்கென்று கேட்டேன். "அவங்களுக்கும் தெரியணுமில்ல, இன்னொரு போட்டு கீதுனு" என்றார்.

ஊர் சிரித்தது. இறால் கூடை ஏற்றக் கூடாது, பீடி பிடிக்கக் கூடாது, அறைக்குள் ஆண்கள் தலையை நீட்டக் கூடாது என்று அவர் போட்ட சட்டங்களைக் கேட்டு, ஏறியவர்களும் இறங்கிவிட்டார்கள். பெண்கள், "மூச்சு முட்டும்ணா" என்று வெளியிலேயே உட்கார்ந்தார்கள். எஞ்சின் விஷயம் இன்னும் மோசம். இரண்டையும் ஒன்றாக ஓட்ட அவருக்கு மனசு வராது. போகும்போது இடது, வரும்போது வலது. "ஒண்ணு ஒழைக்கட்டும், ஒண்ணு தூங்கட்டும்" என்பார். படகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நண்டு மாதிரி ஏரியைக் கடக்கும்.

நகரத்திலிருந்து நாலு இளைஞர்கள் காரில் வந்து, பிறந்தநாள் கொண்டாட ஒரு நாள் வாடகைக்குக் கேட்டார்கள். நல்ல தொகை சொன்னார்கள்.

"யாருக்குப் பொறந்த நாளு?"

"எனக்குத்தான்" என்றான் ஒருவன்.

"நீ பொறந்து முடிச்சிட்டியேப்பா. ஒனக்கு எதுக்கு இந்த போட்டு?"

கார்த்திகைவரை அந்தக் கட்டிலில் படுத்தது என் தடுப்பூசிப் பெட்டி மட்டும்தான். ஒரு நாள் அண்ணி, "இந்த மழை முடியறதுக்குள்ள ஒருத்தியாவது உள்ள ஏறலன்னா வித்துட்றேன்னு சொல்லிக்கினு கீறாரு" என்றார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே, கொட்டுகிற மழையில், பட்டப்பகலில், ராணி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தது. வீட்டார் ஒரு ஃபைபர் படகைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். அவள் படகைப் பார்த்தாள், சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தாள்.

"கதவு கீதே, அந்த போட்ல போலாம்" என்றாள்.

இடுப்பளவு ஓடிப்போய்ப் படகில் ஏறினார். முதல் தடவையாக இரண்டு எஞ்சின்களையும் ஒன்றாகக் கிளப்பினார். படகு நேராகப் போனது. நான் தாழ்ப்பாளைப் போட்டேன். ஏரியில் பாதி தாண்டுவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ராணி போட்ட சத்தம் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

பழவேற்காட்டுக் கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. வழக்கம்போல் கூட்டமும் நின்றது. "இன்னாச்சு? பொறந்துச்சா? கதவத் தொறயா" என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். அப்போது கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. தன் சொந்தப் படகின் கதவைத் தட்டிவிட்டு மனிதர் காத்திருந்தார்.

"நர்சம்மா, தொறக்கலாமா?"

"ராணி புடவையச் சரி பண்ணிக்கறா. கொஞ்சம் நில்லுங்கண்ணா."

சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலைமுதல் கால்வரை நனைந்துபோன அந்த ஆறடி மனிதர், எங்களுக்கு முதுகைக் காட்டி, கதவை மறைத்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"நிக்கச் சொல்றாங்க. அல்லாரும் நில்லுங்க" என்றார் கூட்டத்தைப் பார்த்து. அவர் குரலில் அப்படி ஒரு பெருமை.

மொத்தக் கரையும் நின்றது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் பழவேற்காட்டில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.