உதைத்த சீடன்

கால் கூச்சம் உள்ளவர்கள் புனிதராவது கடினம். இந்த உண்மையை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்தவன் நான்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவே ஓடு போட்ட சின்னக் கோயில் எங்களுடையது. இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவி முத்தமிடுவார். அந்த வருடம் சீடராக உட்கார வேண்டிய ஒருவர் கரும்பு வெட்ட வெளியூர் போய்விட, கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் என்னைப் பிடித்தார். அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடையில் சேர்ந்த புதிது. (சீடனாக என்ன தகுதி? வெள்ளை வேட்டி வைத்திருந்தேன்.)

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் முழுக்க என்னைக் குழாயடியில் உட்காரவைத்து, தேங்காய் நாரால் பாதத்தைத் தேய்த்தாள்.

"சாமியாரு முத்தம் குடுக்கப் போறாருடா. இந்தக் காலப் பாத்தா எருமகூட மூஞ்சியத் திருப்பிக்கும்!"

தேய்த்த தேய்ப்பில் உள்ளங்கால் பச்சைக் குழந்தையின் தோலாகிவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் சாமியாருக்கு மூட்டுவலி. ஒவ்வொரு நாற்காலி முன்னாலும் முனகிக்கொண்டே முழங்காலிட்டார். என் முறை வந்தது. பாட்டுக்குழு உருக்கமாகப் பாடியது. அவர் தண்ணீர் ஊற்றி, உள்ளங்காலை மெல்லத் தடவினார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. கால்தான் செய்தது. பேசின் பறந்தது. சாமியார் தலையோடு நனைந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு நின்றது. அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு சத்தம், என் சிரிப்பு. கூச்சச் சிரிப்பு, நிறுத்தவும் முடியவில்லை. முதல் வரிசையில் அம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கடைசியிலிருந்து சின்னப்பொண்ணு அக்கா துணியோடு ஓடிவந்தார். மலையிலிருந்து இறங்கிவந்து, மரவள்ளிக் காட்டில் கூலிவேலை செய்துகொண்டு கோயிலையும் பெருக்குபவர். அவர் கும்பிடும் சாமி மலைமேல். பூசை முடிந்தால் கூட்டிவிட்டுப் போகக் காத்திருந்தார். துணியை வாங்கிக்கொண்டு சாமியாரே தரையைத் துடைத்தார்.

"வுடுங்க சாமி, நான் தொடைக்கிறேன்."

"தெனம் நீதானம்மா தொடைக்கிற. இப்படி உக்காரு."

நான் எழுந்துவிட்ட நாற்காலியில் அவரை உட்காரவைத்தார். அதுவரை எங்கள் ஊரில் அந்த நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. உபதேசியார் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். காட்டுச் செம்மண் ஒட்டிய அந்தக் காலைச் சாமியார் கழுவி, குனிந்து முத்தமிட்டார்.

அக்காவால் தாங்க முடியவில்லை. "இன்னா சாமி இது, இன்னா சாமி இது" என்றபடி, ஈரம் சொட்டிய சாமியாருடைய அங்கியின் விளிம்பைப் பிடித்துப் பிழிந்துகொண்டே இருந்தார். அழுதது யார் யார் என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

பூசை முடிந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். சாமியார் தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்ல உதைப்பா!" என்றார். கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

சாமியார்கள் பலர் மாறிவிட்டார்கள். பன்னிருவரில் இப்போது பாதிப்பேர் பெண்கள். என்னை மட்டும் யாரும் உட்காரச் சொல்வதில்லை. நான் குடம் தூக்கிக்கொண்டு சாமியார் பின்னால் போகிறவன். அப்போதும் முதல் வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வரும், கோயில் முழுக்கக் கேட்கும்படி:

"தள்ளி நட்றா! கால் பட்டுறப் போவுது!"