நாற்பத்தேழு பேர் நின்ற வரிசை

கணக்கு வாத்தியாருக்கு அந்தத் தெருவில் இன்னொரு பெயர் உண்டு: நிபுணர். வைத்தவர் மருந்துக்கடைக்காரர். கேலிக்குத்தான் வைத்தார். வாத்தியார் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் பங்கால் வந்தது. மருந்துக்கடைக்காரர், கண்ணாடிக்கடைக்காரர், வாத்தியார் மூவரும் அதையே வாங்கிவிட்டு, தினமும் மருந்துக்கடை வாசலில் நின்று அதன் எதிர்காலத்தை அலசினார்கள். இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

மற்ற இருவரும் செய்தித்தாளை நம்பினார்கள். வாத்தியார் தன் கண்ணை நம்பினார். திங்கள்தோறும் பள்ளி விட்டதும் நேரே கடைவீதிக்குப் போய், கம்பெனியின் கிளைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்று வரிசையை எண்ணுவார். முகமெல்லாம் பார்க்க மாட்டார், தலைதான் கணக்கு. முதல் வாரம் பன்னிரண்டு. அடுத்த வாரம் இருபத்தாறு. மூன்றாவது வாரம் வரிசை படியிறங்கித் தெருவுக்கே வந்துவிட்டது. நாற்பத்தேழு! ஆளுக்கொரு பை வேறு. வாங்கியதை எடுத்துப்போக வீட்டிலிருந்தே பை கொண்டுவருகிற அளவுக்கு ஜனங்களுக்கு ஆசை என்று மருந்துக்கடை வாசலில் விளக்கினார். கண்ணாடிக்கடைக்காரர் மறுநாளே இன்னும் நூறு பங்கு வாங்கினார்.

வாத்தியார் போட்டிருந்த பணம் மனைவியுடையது. ஆறு வருடமாக வீட்டில் தையல் தைத்து, சொந்தமாகக் கடை வைக்கச் சேர்த்தது. பணம் என்னுது, பேர் என்னுது, போன் என்னுது, யோசனை மட்டும் உங்களுது என்று சொல்லித்தான் அவள் சம்மதித்தாள். யோசனைதானே மூலதனம் என்று வாத்தியாருக்கு அதிலும் பெருமை.

அந்தத் திங்கள் மாலையே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"உன் கடைக்கு ரெண்டு மிஷின் போதாது. நாலு போடு."

"அவ்வளவு ஏறுமா?"

"நாப்பத்தேழு பேர். நானே எண்ணினேன்."

"எல்லாரும் வாங்க வந்தவங்களா?"

"பின்னே, வேடிக்கை பார்க்கவா வருவாங்க?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாள். பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் இந்த வாக்கியத்துக்குப் பிறகு என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று வேறொருவர் யோசித்திருப்பார். வாத்தியார் பூரித்துப்போனார்.

வியாழக்கிழமை செய்தி வந்தது. கம்பெனி விற்ற கம்ப்யூட்டர்களில் மூன்றே மாதத்தில் திரை இருண்டுபோகிறதாம். எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களாம். மதியத்துக்குள் பங்கு பாதி விலைக்கு வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் தன் கடைத் தலைவலி மாத்திரையைத் தானே விழுங்கினார். கண்ணாடிக்கடைக்காரர் விலையைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

வாத்தியார் வீட்டுக்கு வந்தார். ஆறு வருடம் குனிந்த முதுகு அவளுடையது. அந்த உழைப்பைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று உண்மையாகவே அழுகை வந்தது. தையல் மிஷின் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார்.

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"செவ்வாய்க்கிழமையே வித்துட்டேன். கடைக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு."

வாத்தியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். போன உயிர் திரும்பியது. உயிர் வந்த இரண்டாவது நிமிடம் பெருமையும் வந்தது. இத்தனை நாள் தான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை, நிபுணர் வீட்டுப் பெண் வேறெப்படி இருப்பாள் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நாங்கள் முன்னாடியே விற்றுவிட்டோம் என்று மருந்துக்கடையில் சொல்லக் கிளம்பியவர், வாசலில் ஒரு சந்தேகம் வந்து நின்றார்.

"ஆமா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நம்ம பொண்ணுக்கு வாங்கின அவங்க கம்ப்யூட்டரும் இருட்டாயிருச்சு. உங்ககிட்ட சொன்னா கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவீங்கன்னு, திங்கக்கிழமை நானே பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். அங்க நின்ன அத்தனை பேர் பையிலயும் அதேதான்."

வாத்தியார் வாசலிலிருந்து திரும்பி உள்ளே வந்தார். "திங்கக்கிழமை... நான் எதிர்லதானே நின்னேன்?"

"தெரியுமே. விரலை நீட்டி என்னையும் சேர்த்துத்தான் எண்ணினீங்க."