மனைவிக்கு வாங்கிய முதல்தர ஸ்கேட்ஸ்

இனிமேல் என் சனிக்கிழமை எனக்குத்தான் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை சபதம் செய்தேன். பலமான சபதம். மனைவி பக்கத்தில் இல்லாததால் அவ்வளவு பலமாகச் செய்ய முடிந்தது.

என் பெயர் ரெங்கசாமி. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. வயது நாற்பத்து மூன்று. என் இடுப்பைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், கே.எல்.லில், அதாவது கோலாலம்பூரில், காலேஜ் படித்த காலத்தில் இரண்டு வருடம் ஐஸ் ஹாக்கி ஆடியவன் நான். அன்று கூட ஆடிய அகிலன்தான் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டான்: ‘மச்சான், நாப்பது தாண்டினவங்களுக்கு ஒரு டீம் போட்டிருக்கோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம். வர்றியா?’

அதன் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. மேசைக்கு அடியில் கால் தானாக ஆடியது. எழுந்து நடந்தேன். தொழிற்சாலையில் தேயிலைத்தூள் படிந்த தரையில் லேசாகச் சறுக்கிப் பார்த்தேன். தோட்ட மேனேஜர் துரை கவனித்துவிட்டார். “கிராணி, அவசரம்னா போயிட்டு வாங்க, கேக்க வேணாம்” என்று பாத்ரூமைக் காட்டினார்.

சிக்கல் என்னவென்றால், சனிக்கிழமை லோகேஸ்வரிக்குச் சொந்தம். லோகேஸ்வரி என் மனைவி. பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஆஸ்பத்திரி நர்ஸ். வாரம் முழுக்க நோயாளிகளைப் படுக்க வைப்பாள். சனிக்கிழமை என்னை எழுப்பிவிடுவாள். ஜன்னல் துடைப்பு, ஒட்டடை, காய்கறிச் சந்தை, பை தூக்கல்.

‘நான் மட்டும் போகிறேன்’ என்று கேட்டால் நடக்காது. அதனால் ‘நீயும் வா’ என்று கூப்பிடத் தீர்மானித்தேன். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரசம் வைக்கிறவள் அவள். ஐஸ் என்று கேட்டதுமே ‘நீங்களே போங்க’ என்று சொல்லிவிடுவாள். இதுதான் திட்டம்.

“லோகா, நாம ரெண்டு பேரும் ஐஸ் ஸ்கேட்டிங் பழகலாமா? சனிக்கிழமை கே.எல். போயிட்டு வந்துடலாம்.”

வெங்காயம் நறுக்கிய கை நின்றது. “ஐஸா?”

“ஐஸ்தான்.”

“நாம குடியிருக்கிறதே ஃப்ரிட்ஜுக்குள்ள. நாலு மணி நேரம் காடி ஓட்டிக்கிட்டு இறங்கிப் போயி, அங்கயும் ஐஸ்லயா நிக்கணும்?”

“அதுவும் சரிதான். உனக்குக் குளிரு ஒத்துக்காது. அப்ப நான் மட்டும்…”

“போலாம் லா.”

“என்னது?”

“போலாம்னேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல இப்பத்தான் ‘நாம ரெண்டு பேரும்’னு உங்க வாயில வந்திருக்கு. விடுவேனா?”

ஐஸைத் தொடும் முன்பே சறுக்கிவிட்டேன்.

மறுநாள் ஆபீஸ் கணினியில் ஸ்கேட்ஸ் வாங்குவது பற்றிய ஒரு கட்டுரையைத் தேடிப் பிடித்து அச்செடுத்தேன். அதில் இரண்டு பாகம். முதல் பாகம் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. விலை உயர்ந்த ஸ்கேட்ஸ் பெரிய ஆட்டக்காரர்களுக்காகச் செய்தது, கட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், புதியவர்களுக்குக் கணுக்காலே மடங்காது, நடுத்தர விலையில் பொருத்தமாக எடுப்பதுதான் காசுக்கு ஏற்ற பொருள் என்று எழுதியிருந்தது.

படித்ததும் எனக்குள் ஒரு வள்ளல் பிறந்தான். கடையிலேயே விலை கூடியதை அவளுக்கு வாங்கித் தருவேன். அரை மணி நேரத்தில் கால் வலித்து, ‘எனக்கு இது வேணாம்’ என்று அவளே சொல்வாள். சில நூறு வெள்ளி செலவுதான். ஆனால் கையில் இருக்கிற வெள்ளி போனால்தானே சனி வரும்?

இரண்டாம் பாகம், விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு. அதை நான் படிக்கவில்லை. எனக்கே பாடமா?

சனிக்கிழமை கே.எல். போய்ச் சேர்ந்தோம். ஐஸ் அரங்கத்தை ஒட்டியே ஸ்கேட்ஸ் கடை. தர்மா என்ற இளைஞர் வைத்திருந்தார்.

“என் சம்சாரத்துக்கு, இருக்கிறதுலயே ஒசத்தியானதை எடுங்க.”

“அக்கா முன்ன ஆடியிருக்காங்களா?”

“இல்ல, இன்னிக்குத்தான் ஆரம்பம்.”

“அப்ப அது வேணாமே அண்ணே. ரொம்ப விறைப்பா…”

“தம்பி, வெலையைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படறீங்க?”

லோகேஸ்வரி என்னையே பார்த்தாள். “இத்தனை வெள்ளியா? எனக்கா?”

“உனக்கில்லாம வேற யாருக்கு?”

“ஐஸ்ல கால் வைக்கிறதுக்குள்ள எனக்கே ஐஸ் வைக்கிறீங்களே!” என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பணம் கட்டும் வரை வாயே திறக்கவில்லை.

“அண்ணே, உங்க காலையும் அளந்துடவா?” என்றார் தர்மா.

“எதுக்கு? சப்பாத்து எட்டு. ஸ்கேட்ஸும் எட்டு.”

“ஸ்கேட்ஸ் சப்பாத்தைவிட ஒரு சைஸாவது சின்னதா…”

“தம்பி, நீங்க தவழ்ந்துக்கிட்டு இருந்தப்பவே ஐஸ்ல ஓடினவன் நான்.”

எட்டாம் நம்பரை மாட்டினேன். வீட்டுச் செருப்பு மாதிரி சுகமாக இருந்தது. “நீங்க முன்னால போங்க, நான் கயிறு கட்டிட்டு வர்றேன்” என்றாள் லோகேஸ்வரி. எனக்குத்தான் கால் பறந்துகொண்டிருந்ததே! போய் அகிலன் டீமோடு ஆட்டத்தில் இறங்கிவிட்டேன்.

முதல் இரண்டு நிமிடம் எனக்கு இருபத்திரண்டு வயது. மூன்றாவது நிமிடம் வலது பக்கம் திரும்பினேன். ஸ்கேட்ஸ் திரும்பியது. உள்ளே இருந்த கால் திரும்பவில்லை. விழுந்த சத்தத்தில் ஆட்டமே நின்றது. அகிலனும் இன்னொருவரும் என்னைத் தூக்கிக்கொண்டு போய் பெஞ்சில் போட்டார்கள்.

கணுக்கால் பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. அப்போது லோகேஸ்வரி வந்தாள். ஐஸின் ஓரமாக, முட்டியை மடக்கி, அரங்கத்துக் கோச் ஒருவர் கையைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக. பிறகு கையை விட்டுவிட்டு. அவள் காலில் இருந்தது நான் வாங்கியது இல்லை.

“அந்த ஸ்கேட்ஸ் எங்க?”

“மாத்திட்டேன். பிளேடு தீட்டாத வரைக்கும் மாத்திக்கலாமாம். நடு வெலையில எனக்குப் பொருந்தினதா எடுத்தேன். மிச்சத்துக்கு பத்து வாரம் கோச்சு.”

“எதுக்கு மாத்தினே?”

“உங்க சட்டையைத் துவைக்கப் போடறப்ப பாக்கெட்ல ஒரு பேப்பர் இருந்துச்சு. ‘புதியவர்களுக்குக் கணுக்காலே மடங்காது.’ அதுக்கு அடியில செவப்பு மையில ரெண்டு கோடு. பக்கத்துல சிரிக்கிற மூஞ்சி.”

மூஞ்சி நான் போட்டதுதான்.

“அப்ப கடையிலயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க பணம் கட்டி முடிக்கட்டும்னு இருந்தேன்.”

கீழே உட்கார்ந்து என் காலை மடியில் வைத்து அழுத்திப் பார்த்தாள். “எலும்பு ஒடையல. சுளுக்கு. ஆறு வாரம் அசையக் கூடாது” என்றாள். பிறகு தலை நிமிராமலே, “எனக்கு ஆடணும்போல இருக்கு, போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அனுப்பியிருக்க மாட்டேனா?” என்று கேட்டாள்.

கேட்டிருக்கலாம்தான். பதினாறு வருடத்தில் அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன். ஆறு சனிக்கிழமையும் அவள் பஸ் ஏறிப் போனாள். திரும்பி வந்து, எப்படி நிறுத்துவது, எப்படித் திரும்புவது என்று எனக்கே விளக்கினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டிய ஜன்னலைத் துடைத்தேன்.

ஏழாவது சனிக்கிழமை என் காலை அழுத்திப் பார்த்து, “சரியாயிடுச்சு” என்றாள். எனக்கு மறுபடி கால் ஆடத் தொடங்கியது. “அப்ப இந்த வாரம் நானும் வரலாமா?” என்று முறைப்படி ஒரு வார்த்தை கேட்டேன்.

“தாராளமா வாங்க. அகிலன் அண்ணன் டீம்ல உங்களுக்கு ஒரு பதவியே வச்சிருக்காரு. மேனேஜர்.”

“மேனேஜரா! என்ன வேலை?”

“தண்ணி போத்தல் நெரப்பணும். எங்க பையெல்லாம் பாத்துக்கணும்.”

“எங்க பையா? நீயும் டீம்லயா?”

“எனக்கும் நாப்பது தாண்டிடுச்சே. இன்னிக்குத்தான் முதல் ஆட்டம். காடியை எடுங்க.”

அரங்கத்துக்குப் போனதும் அகிலன் எனக்கும் ஒரு டீம் சட்டை கொடுத்தான். ஆசையோடு திருப்பிப் பார்த்தேன். முதுகில் நம்பர் இல்லை. ‘லோகேஸ்வரி வீட்டுக்காரர்’ என்று அச்சடித்திருந்தது.