பட்டினி கிடந்து பருத்தவர்

பெங்களூரில் ஓர் இனம் பெருகிக்கொண்டு வருகிறது. மல்லேஸ்வரம் தொடங்கி விமான நிலையச் சாலை வரைக்கும், எங்கெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியிருக்கின்றனவோ, அங்கெல்லாம் இதைப் பார்க்கலாம். கழுத்தில் கம்பெனி அட்டை இருக்கும். அந்த அட்டை நேராகத் தொங்காது. தொந்தியின் மேல் மல்லாந்து படுத்திருக்கும். முகத்தில் தியாகக் களை சொட்டும். "மத்தியானம் நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லீங்க" என்று யாரும் கேட்காமலே சொல்லும். பட்டினி கிடந்து பருத்தவர் என்பது இதன் பெயர். இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் சவரம் செய்யும்போது எதிரே ஒருவர் நிற்கிறார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பிறந்தநாள் கேக் வரும்போது இரண்டு கைகளையும் விரித்து "ஐயோ, எனக்கு வேண்டாம்" என்பவர் இவர்தான். அப்புறம் "சரி, சின்னத் துண்டா" என்பவரும் இவர்தான். கேக் அட்டையில் ஒட்டியிருக்கும் கிரீமைக் கத்தியால் வழித்து, வீணாகப் போகக்கூடாதே என்ற சமூகப் பொறுப்போடு நாக்கில் வைத்துக்கொள்பவரும் சாட்சாத் இவரேதான். காலையில் வெள்ளைவெளேரென்று கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சாங்கி ஏரியைச் சுற்றுவார். சுற்றி முடித்த களைப்பில் ஐயங்கார் பேக்கரி வாசலில் நின்று, உழைத்தவனுக்கு இல்லாத காரா பன்னா என்று ஒன்று வாங்குவார். கூடவே வெண்ணெய் பிஸ்கட்டும் ஒரு பொட்டலம். அது வீட்டுக்கு. வீடு வந்து சேரும்போது பொட்டலம் இருக்கும்.

பிஸ்கட் இருக்குமா என்பது வேறு விஷயம்.

இந்த இனத்துக்கென்று சில சித்தாந்தங்கள் உண்டு. நின்றுகொண்டு சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது என்பது முதலாவது. இந்த ஊரில் தெருவுக்கு நாலு தர்ஷினி ஓட்டல்கள் இருக்கின்றன. எதிலும் நாற்காலி கிடையாது. டோக்கன் வாங்கி, மேடையருகே நின்று, விழுங்கிவிட்டு நடையைக் கட்டவேண்டியதுதான். உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டால்தானே சாப்பாடு? நின்றால் அது ஏதோ வழியில் நேர்ந்த சம்பவம்.

இரண்டாவது சித்தாந்தம் இன்னும் நுட்பமானது. இரண்டு பேராக ஓட்டலுக்குப் போய் "பை-டூ" என்று சொன்னால், முகம் சுளிக்காமல் ஒரு காப்பியை இரண்டு தம்ளரில் பிரித்துக் கொடுக்கும் நல்ல வழக்கம் பெங்களூரில் உண்டு. காப்பியோடும் சூப்போடும் நின்றிருந்த இந்த வழக்கத்தை மசால் தோசைக்கும் போண்டாவுக்கும் கேசரி பாத்துக்கும் விரிவுபடுத்திய பெருமை எங்கள் இனத்தையே சேரும். பாதி என்றால் பாவத்திலும் பாதிதானே? நாலு மணிக்கு ஆபீஸ் நண்பன் சீனுவோடு ஒரு பாதி, அவன் இடத்துக்குத் திரும்பியதும் பரத்தோடு ஒரு பாதி, சாயங்காலம் யார் லிப்டில் தனியாக மாட்டினாலும் அவரோடு ஒரு பாதி. ஆள் கிடைக்காத துரதிர்ஷ்ட நாட்களில் என்ன செய்வோம் என்றா கேட்கிறீர்கள்? முழுசாக ஒன்று வாங்கி எங்கள் பாதியைச் சாப்பிடுவோம். பிறகு, வராதவருடைய பாதியையும் அவர் சார்பில் சாப்பிடுவோம்.

இப்படிப் பாதி பாதியாகப் பசி எடுப்பானேன்? மதியம் சாப்பிடாததால். மதியம் ஏன் சாப்பிடுவதில்லை? அங்கேதான் என் கதை வருகிறது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஸ்தம்பித்துவிடும் என்று சொல்லி, ஈரோட்டிலிருந்து என்னைப் போன்றவர்களைக் கொண்டுவந்து இங்கே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஆண்டு பிறந்தது. ஒரு கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. நாற்காலியிலிருந்து நான் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. அந்த ஐப்பசியில் மரகதம் என்னை மல்லேஸ்வரத்து டாக்டர் வித்யாலட்சுமியிடம் இழுத்துப்போனாள். மரகதம் என் மனைவி. இழுத்துப்போக வேறு யாருக்கு உரிமை?

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். "நோடி, இங்கே பாருங்கோ பழனிச்சாமி. சர்க்கரை வாசல்ல வந்து நிக்கறது. பொங்கலுக்குள்ள எடை இறங்கணும். இறங்கலேன்னா மாத்திரைதான். ஆரம்பிச்சா ஆயுசுக்கும்."

ஆயுசுக்கும் என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு வேர்த்துவிட்டது. ஜுரத்துக்கு மாத்திரை போடுவதற்கே, அதன் அட்டையிலுள்ள பொடி எழுத்தையெல்லாம் படித்து, இல்லாத பக்க விளைவுகளையும் அனுபவிக்கிறவன் நான்.

"அதுக்காகப் பட்டினி கிடக்கப்படாது" என்றார் டாக்டரம்மா. "மத்தியானம் உட்கார்ந்து ஒழுங்காச் சாப்பிடணும். பருப்பு, கீரை, முட்டை, மோர். உடம்புக்கு வேண்டியது போகலேன்னா அது சாயங்காலம் திருடப் போகும். புரியறதா?"

மரகதத்துக்குப் புரிந்தது. மறுநாளே விடியுமுன் எழுந்து கொள்ளுப் பருப்பு கடைந்தாள். கைக்குத்தலரிசிச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், அவித்த முட்டை, சீரகம் போட்ட மோர் என்று அடுக்கு டப்பா நிறைந்தது. எனக்கும் புரிந்தது, ஆனால் என் படிப்புக்கு ஏற்றபடி புரிந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டாலே பொங்கலுக்குள் எடை இறங்குமென்றால், அதையும் சாப்பிடாவிட்டால் தீபாவளிக்கே இறங்கிவிடாதா? எந்த வேலையையும் கெடுவுக்கு முன்னால் முடித்துக் காட்டுகிற கம்பெனிப் புத்தி!

டப்பாவை என்ன செய்வது? நிறைந்தபடி திருப்பிக் கொண்டுபோனால் மரகதம் என்னைச் சும்மா விடமாட்டாள். குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. பக்கத்து மேஜையில் ஓஸ்வால்ட் இருந்தான். ஆஸ்டின் டவுன்காரன். என்னைவிட ஒரு சுற்றுப் பெருத்தவன். தினமும் மதியம் வெளியே போய்ப் பிரியாணியோடு மல்லுக்கட்டிவிட்டு, திரும்பி வந்து மேஜையிலேயே தூங்குகிறவன்.

"இன்னா மேன், நெஜமா எனக்கா?" என்றான் முதல் நாள்.

"நெஜமா. எனக்கு வயிறு சரியில்ல."

"உனக்கு வயிறு சரியில்லாம போனா எனக்கு நல்லாத்தான் கீது குரு. மூடியத் தொற."

அன்று தொடங்கி எனக்கு வயிறு சரியாகவே இல்லை. ஓஸ்வால்ட் சாப்பிடுவான், நான் எதிரே உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டு, இளைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் வீட்டில் மரகதம் கேட்பாளே என்று, டப்பாவைக் கழுவுமுன் அவனிடம் விமர்சனம் வாங்கி வைத்துக்கொள்வேன்.

"ஏனுங்க, கொள்ளு எப்படி இருந்துச்சுங்க?"

"நல்லாத்தான் கீ... ரொம்ப நல்லா இருந்துச்சு. கீரையில மட்டும் உப்பு ஒரு கல்லு தூக்கல்."

"அட, கரெக்டாச் சொல்றீங்களே! முன்னெல்லாம் என்ன போட்டாலும் தெரியாது. இப்பத்தானுங்க நாக்குக்கே ருசி தெரிஞ்சிருக்குது" என்று பூரித்துப்போவாள். அடுத்த நாள் கீரையில் உப்பு சரியாக இருந்ததாக ஓஸ்வால்ட் சொன்னான்.

தீபாவளி வந்தது. எடை இறங்கவில்லை. கார்த்திகை வந்தது. பேண்ட் இடுப்பு ஏறவில்லை. சலவைத் தூளின் மேல் சந்தேகப்பட்டேன். பெங்களூர்க் குளிரில் உடம்பு ஊதுமோ என்று யோசித்தேன். எடை பார்க்கும் மெஷின் பொய் சொல்கிறது என்று வேறு மெஷின் தேடிப் போனேன். அதுவும் அதே கட்சி. சாப்பிடாமலே பருப்பது ஏதோ பெரிய வியாதியின் அறிகுறிதான் என்று முடிவு கட்டி, அந்தக் கவலையில் சீனுவோடு இன்னொரு பாதி சாப்பிட்டேன். பொங்கலும் டாக்டரம்மாவும் நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. கம்பெனியில் குடும்ப தினம் என்று வைத்தார்கள். புல்வெளியில் பந்தல், பலூன், மியூசிக்கல் சேர். மரகதம் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூப்போட்ட கவுன் அணிந்த ஓர் அம்மாள் நேராக எங்களிடம் வந்து, மரகதத்தின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"நீங்கதானே மரகதம் அக்கா? நான் நோரா. ஓஸ்வால்ட் வைஃப். உங்களுக்கு எப்பிடித் தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரில. பாருங்க அவர!"

பார்த்தோம். ஓஸ்வால்ட் சர்க்கரை போடாத ஜூஸோடு நின்றிருந்தான். இவ்வளவு நாள் பக்கத்திலேயே இருந்தும் நான் கவனிக்காத ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. அவனுடைய தாடைக்குக் கீழே கழுத்து என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. பேண்ட் கொசுவம் வைத்ததுபோல் சுருங்கி, பெல்ட்டின் வால் பின்பக்கம் வரைக்கும் போயிருந்தது.

"ராத்திரி கொறட்ட கூட நின்னுப்போச்சு அக்கா. எல்லாம் உங்க டப்பா. கர்த்தர் உங்கள நல்லா வெக்கணும். அந்தக் கொள்ளு எப்பிடி செய்றீங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்?"

மரகதம் ஓஸ்வால்ட்டின் இடுப்பைப் பார்த்தாள். பிறகு நிதானமாக என் இடுப்புக்கு வந்தாள். இரண்டுக்கும் நடுவே தன் கொள்ளு போன பாதை அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. சிரித்த முகம் மாறாமல் நோராவுக்குச் செய்முறை சொன்னாள். பூண்டைத் தட்டிப்போடவேண்டும் என்று சொல்லும்போது மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ஸ்கூட்டரில் மரகதம் பின்னால் உட்கார்ந்து வந்தாள். சாங்கி ஏரி வந்த பிறகுதான் பேசினாள்.

"அந்தண்ணன் நல்லா எளைச்சிருக்காருங்க."

"ம்."

"நாளன்னைக்கு இருந்து டப்பாவ நேரா ஆஸ்டின் டவுனுக்கே அனுப்பிப்போடலாமுங்களா? நடுவுல நீங்க எதுக்கு வீணாச் சுமந்துட்டு?"

நான் ஹாரன் அடித்தேன். முன்னால் யாரும் இல்லை.

"உப்புத் தூக்கல்னு சொன்னீங்களே... அதுவும் அவரு சொன்னதுதானுங்களா?" என்றாள். "ஆயுசுக்கும் மாத்திர முழுங்கப்போறது அவரில்லீங்க. நீங்க."

வீட்டுக்குப் போய் நான்தான் அன்றைக்குப் பூண்டு உரித்தேன்.

திங்கட்கிழமை இரண்டு டப்பாக்கள் வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று ஓஸ்வால்ட்டுக்கு. இடையே பெண்கள் இருவரும் போனில் என்ன ஒப்பந்தம் செய்துகொண்டார்களோ, ஓஸ்வால்ட் தன் டப்பாவைத் திறக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ முடிக்காம நான் தொடக்கூடாதாம். நோரா ஆர்டர். எனக்குப் பசி உயிர் போவுது, தின்னுத் தொல மேன்!"

தின்றேன். பயந்துகொண்டேதான் தின்றேன். ஒவ்வொரு கவளமும் நேரே இடுப்பில் போய் உட்காருவதாகத் தோன்றியது. நாலு மணிக்குச் சீனு வந்து "பழனி, போலாமா? பை-டூ?" என்றான். எழுந்திருக்கத்தான் நினைத்தேன். கால் எழுந்தது, வயிறு வரமாட்டேன் என்றது. வீட்டுக்குப் போகும் வழியில் பேக்கரி இருந்த பக்கம் கவனிக்காமலே கடந்துவிட்டேன் என்றால் நீங்கள் நம்பவேண்டாம்; மரகதமும் நம்பவில்லை. வாயை முகர்ந்து பார்த்தாள்.

பொங்கல் கழிந்து டாக்டரம்மா முன்னால் மெஷினில் ஏறியபோது முள் கொஞ்சம் நடுங்கி, பழைய இடத்துக்குச் சற்று இப்பாலேயே நின்றது. பெரிய இறக்கம் ஒன்றுமில்லை. ஆனால் இறக்கம்.

"பரவாயில்லையே, இந்தத் தடவை மாத்திரை வேண்டாம். மூணு மாசம் பார்க்கலாம். என்ன பண்ணினேள்?"

"சாப்பிட்டேன் டாக்டர்."

"அதைத்தானே நான் ஐப்பசியிலேயே சொன்னேன்?"

டப்பாக் கதையைச் சொல்லாமல் இருப்பதற்கு மரகதம் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது அவள் உதட்டில் தெரிந்தது.

இன்னும் மூன்று மாதத் தவணையில் வாழ்கிறவன் நான், உங்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. நீங்களோ விஷயம் தெரிந்தவர்கள். இந்த இனத்தில் நீங்கள் நிச்சயமாக இல்லை. உங்கள் அலுவலகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராக நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கலாமா? இந்தப் பக்கத்தின் ஓரத்தில், கட்டைவிரல் அளவுக்கு, எண்ணெய்க் கறை ஒன்று படிந்திருக்கிறதே, பத்திரிகை அச்சாகி வந்தபோது அது இருந்ததா?